பழங்காசு எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள்

சங்கப் புலவர்கள் சிலரின் பெயரோடு 'வண்ணக்கன்' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டிருக்கும். காசை நோட்டம் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்பவர் வண்ணக்கர். பாட்டுக் கட்டிய நேரம் போக மீதி நேரத்தில் அவர்கள் கள்ளக்காசு பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஏதென்ஸ் நகரத்தில் இதே வேலையைச் செய்தவர் ஓர் அரசு அடிமை. கி.மு. 375 வாக்கில் அந்த நகரம் இயற்றிய சட்டம் ஒன்று, கல்லில் வெட்டியபடியே 1970ஆம் ஆண்டு பழைய சந்தைத் திடலில் கிடைத்தது. காசுக்கடை மேசைகளுக்கு நடுவே சோதனைக்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் நல்லது என்று சொன்ன வெள்ளிக்காசை எந்த வியாபாரியும் மறுக்கக் கூடாது. உள்ளே வெண்கலமோ ஈயமோ இருந்தால் அங்கேயே குறுக்கே வெட்டிவிட வேண்டும். அவர் தன் இடத்தில் உட்காராவிட்டால், சட்டப்படி சோதிக்காவிட்டால், ஐம்பது சவுக்கடி.

இவர்கள் எல்லோரும் காசிடம் கேட்டது ஒன்றுதான்: உன் உலோகம் நல்லதா? பழங்காசு சேகரிக்கிறவரும் இதே கேள்வியோடுதான் தொடங்குகிறார், அங்கேயே வழுக்கியும் விழுகிறார். நல்ல வெள்ளியில், சரியான எடையில், போன வருடம் அடித்த ரோமக் காசு உலோகத்தால் தேறும், பழங்காசாகத் தேறாது. மறுபக்கம், செம்புக் கருவின் மேல் வெள்ளித் தோல் போர்த்தி ரோமாபுரிக் காலத்திலேயே ஒரு திருடன் செய்த தெனாரியஸ் (ரோமர்களின் வெள்ளிக்காசு), அன்றைக்குக் கள்ளக்காசு. இன்றைக்கு அதுவும் இரண்டாயிரம் வருடத்துப் பொருள், விரும்பிச் சேர்ப்பவர்கள் உண்டு. ஆகவே சேகரிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் காசு எந்த முறையில் பிறந்தது, எந்தக் கையில், எந்தக் காலத்தில்? உலோகம் அந்தக் கேள்விக்குச் சாட்சிகளில் ஒன்று மட்டும்.

முதல் வேலை அடையாளம் காண்பது. மெய்யா போலியா என்ற விசாரணை அதற்குப் பிறகுதான் வர முடியும். இது இன்ன காசு என்று தெரியாமல் 'இது அசலா?' என்று கேட்பது, ஆள் யார் என்று தெரியாமலே அவர் சொல்வது உண்மையா என்று கேட்பதைப் போன்றது. ஒப்பிடுவதற்கு ஓர் அசல் வேண்டாமா? காசு எந்த மொழியில் பேசுகிறது, யார் பெயரைச் சொல்கிறது, எந்த நாணயச்சாலையின் குறி இருக்கிறது, எடை எவ்வளவு, குறுக்களவு எவ்வளவு, தலைப்பக்கத்தையும் பூப்பக்கத்தையும் திருப்பினால் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டால், பட்டியலில் அது உட்காரும் இடம் தானாகவே குறுகி வரும்.

ரோமப் பேரரசர் திராஜனின் வெள்ளித் தெனாரியஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்துகள் பார்வைக்கு வெறும் அலங்காரம் போலத் தெரியும். இடைவெளியே இல்லாமல் நெருக்கி வைத்த சுருக்கெழுத்துகள் அவை. அவற்றுக்கு நடுவே 'ஐந்தாம் முறை கான்சல்' (கான்சல் என்பது ரோமின் உயர்பதவி) என்று இருந்தால் அந்தக் காசு கி.பி. 103க்கும் 111க்கும் இடையில் அடித்தது. 'ஆறாம் முறை' என்றால் 112க்குப் பிறகு. ஒரே ஓர் எழுத்து, காலத்தை ஒன்பது வருடத்துக்குள் அடைத்துவிடுகிறது. இப்போது பூப்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே இருக்கும் உருவம் அந்த ஒன்பது வருடங்களில் புழங்கிய உருவம்தானா? இல்லை என்றால் எங்கோ இடிக்கிறது. போலி செய்பவர்கள் வேறுவேறு காசுகளின் இரண்டு பக்கங்களைச் சேர்த்துத் தைக்கும்போது தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். ரோமக் காசுகளுக்கு அமெரிக்க நாணயவியல் கழகம் படங்களோடு இணையத்தில் கட்டணமில்லாமல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பூதக்கண்ணாடி வாங்குவதற்கு முன்பே அதைப் புரட்டிப் பழகிவிடலாம்.

காசில் பொறித்த ஆண்டை மட்டும் யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். காசு மெய்யாக இருக்கும், அதன் ஆண்டு மெய்யாக இராது. ஆஸ்திரியாவின் மரியா தெரசா 1780இல் இறந்துபோனார். அவர் முகம் போட்ட வெள்ளித் தாலர் அந்த ஆண்டோடு உறைந்து நின்றுவிட்டது. வியன்னா, ரோம், பாரிஸ், லண்டன், பம்பாய் என்று பல நாணயச்சாலைகள் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் அதே 1780ஐப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தன; செங்கடலின் இரு கரைகளிலும் வியாபாரிகள் வேறு காசை வாங்க மறுத்ததே காரணம். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த ஆற்காட்டு ரூபாயும் இதே ரகம். அதில் இருக்கும் ஹிஜ்ரி ஆண்டு 1172. ஹிஜ்ரியை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய கி.பி. ஆண்டு வரும்: 1758 அல்லது 1759. அந்தக் காசு பெயர் சொல்லும் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் கொலையுண்டு போன பிறகும், நாணயச்சாலைக்கு இயந்திரம் வந்துசேர்ந்த பிறகும், அந்த 1172 மாறவே இல்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற 1804 டாலரோ இன்னும் வேடிக்கை. அந்த ஆண்டில் அப்படி ஒரு காசு அடிக்கப்படவே இல்லை. சயாம் அரசருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசு கொடுப்பதற்காக 1834 வாக்கில் அடித்து, 1804 என்று போட்டார்கள். பின்னாளில் அடித்தவற்றையும் சேர்த்து இன்று தெரிந்தவை 16.

இந்த உறைந்த ஆண்டுகளுக்கெல்லாம் ஏதோ ஒரு காரணம் உண்டு. காரணமே இல்லாத ஆண்டும் உண்டு. கம்பெனியின் பெயரை ஆங்கிலத்தில் போட்டு, சாமி படம் போட்டு, 'அரை அணா, 1616' என்று அச்சடித்த செப்புத் தகடுகள் புழங்குகின்றன. 1616இல் கம்பெனி இந்தியாவில் ஓரிரு கிடங்குகளை வைத்துக்கொண்டு வியாபாரச் சலுகை கேட்டுக்கொண்டிருந்தது. ஆங்கிலம் பொறித்த இயந்திர அணாவுக்கு அப்போது வழியே இல்லை. இவற்றைப் போலி என்றுகூடச் சொல்ல முடியாது. போலிக்கு ஓர் அசல் வேண்டும். இது வெறும் கற்பனை.

இனி பிறப்புக்கு வருவோம். மனிதர்கள் காசு செய்த வழி பெரும்பாலும் இரண்டு: அச்சில் அடிப்பது, வார்ப்பில் ஊற்றுவது. கிரேக்கம், ரோம், இடைக்கால ஐரோப்பா, முகலாயர், இன்றைய அரசுகள் எல்லோருமே பெரும்பாலும் அடித்தவர்கள். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் உலோக வில்லை, ஓங்கி ஓர் அடி. அந்த ஓர் அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் போலிகள் கண்ணில் பட்டுவிடும்.

அடி விழும்போது உலோகம் பிதுங்கி ஓடுகிறது, அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது, மிச்சம் விளிம்பை நோக்கி நகர்கிறது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால், எழுத்துகளின் காலடியிலிருந்து விளிம்புப் பக்கம் ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். எழுத்துச் சுவர் தரையைத் தொடும் மூலை கத்தி வைத்து நறுக்கியதுபோல இருக்கும். கையால் அடித்த காசுகளில் வில்லை விரிந்துகொடுக்க முடியாமல் விளிம்பில் வெடித்திருக்கும். வெடிப்பின் உட்சுவர் கரடுமுரடாக இருக்கும்.

வார்த்த போலியில் இந்த ஓட்டம் எதுவும் இராது. அசல் காசை மண்ணிலோ பிசினிலோ அழுத்தி அச்சு எடுத்து உலோகத்தை ஊற்றுகிறார்கள். உள்ளே சிக்கிய காற்று சிறு குழிகளாகவும் குமிழ்களாகவும் நிற்கிறது. ஆறும்போது உலோகம் சுருங்குவதால் காசு தாயைவிட ஒரு மயிரிழை சிறுத்துப்போகிறது. எழுத்தின் மூலைகள் உருண்டு, தொட்டால் பாதி கரைந்த சோப்புக் கட்டி போல இருக்கிறது.

'தேய்ந்த பழைய காசும் அப்படித்தானே மழுங்கியிருக்கும்?' என்று கேட்கலாம். இல்லை, இரண்டும் வேறு. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. தேய்மானம் மேட்டைத்தான் தின்னும்; பள்ளத்தைத் தொடாது. அரசன் தலையில் காதுக்கு மேல் புடைத்திருக்கும் முடி, கன்ன எலும்பு, மூக்கு நுனி இவை முதலில் வழுவழுப்பாகும். மோவாய்க்குக் கீழே ஒதுங்கிய இடுக்கும், எழுத்துக்குள் இருக்கும் குழியும் நூறு வருடம் கைமாறினாலும் கூர்மையாகவே இருக்கும், அழுக்கு அடைந்திருக்கும், அவ்வளவுதான். வார்ப்பிலோ மேடும் பள்ளமும் ஒரே அளவுக்கு மழுங்கியிருக்கும். மூக்கு மொட்டையாக இருந்து மோவாய் இடுக்கும் மொட்டையாக இருந்தால், அந்தக் காசு புழங்கித் தேயவில்லை, பிறந்ததே தேய்ந்துதான்.

இந்த விதியைத் தூக்கிக்கொண்டு சீனத்துக்குப் போனால் அவமானப்பட்டுத் திரும்ப வேண்டும். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை வார்ப்பில்தான் பிறந்தன. ஊற்றி எடுத்த காசுகளைச் சதுரக் கம்பியில் மொத்தமாகக் கோத்து விளிம்பை அரத்தால் ராவினார்கள். காசுகள் சுழலாமல் இருக்க அந்தச் சதுரம் உதவியது. ஆகவே அங்கே விளிம்பில் அரத்தின் கீறல் இருப்பதே நியாயம். ரோமக் காசில் அதே அரக்கீறல் இருந்தால், வார்ப்பு அச்சின் இரண்டு பாதி சேர்ந்த பொருத்துக் கோட்டை யாரோ ராவி மறைத்திருக்கிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஒரு தடயம் எங்கே சாட்சி, எங்கே குற்றவாளி என்பதைக் காசின் பிறப்புத்தான் முடிவு செய்கிறது. புத்தம்புதிதாகச் சேகரிக்க வருபவர்களிடம் 'விளிம்பைப் பார்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் விளிம்பைப் பார்க்கத்தான் வேண்டும். காசைப் படம் எடுத்து விற்பவர்கள் இரண்டு பக்கத்தைக் காட்டுவார்கள். மூன்றாவது பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். 1662 முதல் இங்கிலாந்தின் இயந்திரக் காசுகள் சிலவற்றின் விளிம்பில் லத்தீனில் 'அழகும் காவலும்' என்ற பொருளில் ஒரு வாசகம் பொறித்தார்கள். விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுபவர்களுக்கு எதிரான காவல் அது. இன்று அதே விளிம்பு போலிகளுக்கு எதிரான காவலாக நிற்கிறது. இரண்டு பக்கத்தையும் அழகாக நகலெடுத்தவர்கள் விளிம்பில் வரிசையாக வெட்டிய பள்ள வரிகளின் எண்ணிக்கையிலும் சாய்விலும் சோர்ந்துவிடுகிறார்கள். மின்பகுப்பு முறையில் இரண்டு மெல்லிய ஓடுகள் செய்து ஈயம் நிரப்பி ஒட்டிய நகல்களையும் விளிம்புதான் காட்டிக்கொடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ராபர்ட் ரெடி செய்த இத்தகைய நகல்கள் கண்ணைப் பறிக்கும் அழகு. நேர்மையாக விளிம்பில் தன் பெயரின் முதலெழுத்தையும் பொறித்துவைத்தார். அந்த எழுத்தை அழித்துவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

வார்ப்பைவிட ஆபத்தானது, அசல் காசைக் கொண்டே அச்சு எடுத்து, அந்த அச்சால் அடிப்பது. உலோக ஓட்டம் இருக்கும், மூலைகள் கூராக இருக்கும், குமிழ் இராது. இங்கே கைகொடுப்பது வேறொரு தர்க்கம். அசல் காசு புழக்கத்தில் இருந்தபோது மற்றொரு காசோடு மோதி அதன் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்திருக்கும். அது அந்த ஒரு காசின் வாழ்க்கையில் நடந்த விபத்து. அதிலிருந்து அச்சு எடுத்தால் கீறலும் அச்சில் ஏறும், அந்த அச்சில் பிறந்த ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் கீறல் வரும். ஒரே அச்சில் ஆயிரம் காசு பிறக்கலாம். ஆயிரத்துக்கும் ஒரே காயம் படாது. கையால் அடித்த காசு என்றால் வில்லையின் உருவமும் அப்படியே. ஒரே மாதிரி கோணிய விளிம்பு, ஒரே இடத்தில் வெடிப்பு, ஒரே அளவு மையம் விலகல் இரண்டு காசுகளில் இருந்தால், இரண்டில் ஒன்றாவது போலி, பெரும்பாலும் இரண்டுமே.

ஆகவே சந்தேகப்படும் காசின் படத்தை அதே ரகத்தின் மற்றப் படங்களோடு ஒப்பிடுவதுதான் என் கணக்கில் மிக வலிமையான ஒற்றைச் சோதனை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அச்சிலேயே விழுந்த விரிசல் எல்லாக் காசிலும் வருவது இயல்பு. அச்சு விரிசலுக்குள் உலோகம் புகுவதால் அது காசில் மேடான கோடாக நிற்கும். பட்ட கீறல் பள்ளமாக இருக்கும். மேடு இரண்டு காசில் ஒத்தால் உறவு. பள்ளம் இரண்டு காசில் ஒத்தால் வழக்கு.

எடை, அளவு, அடர்த்தி இவற்றுக்குப் பெரிய ஞானம் வேண்டாம், தராசு இருந்தால் போதும். நான் முதன்முதலாக ஏமாந்தது ஓர் அமெரிக்க வர்த்தக டாலரில். 1870களில் கீழைநாட்டு வியாபாரத்துக்காகவே அடித்த பெரிய வெள்ளிக்காசு அது. கழுகின் காலடியில் '420 கிரெய்ன், 900 சுத்தம்' என்று ஆங்கிலத்தில் எழுதியே இருக்கும். அதாவது 27.2 கிராம் எடை, பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. விற்றவர் பழங்காசு வியாபாரத்தில் முதிர்ந்தவர், பேச்சில் தேன். வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன்: 22.4 கிராம். தராசுதான் கெட்டுவிட்டது என்று நம்ப அரை மணி நேரம் முயன்றேன். பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைச் சுழியாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி, அடியையும் சுவரையும் தொடாமல் தொங்கவிட்டேன். தராசு காட்டியது 2.64. காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. கிராமில் வரும் எண்ணைக் கனசென்டிமீட்டராக அப்படியே வாசிக்கலாம். 22.4ஐ 2.64ஆல் வகுத்தால் 8.5 வருகிறது. வெள்ளிக்காசுக்கு 10.3 வந்திருக்க வேண்டும். 8.5 என்பது பித்தளையின் எண். தன் எடையைத் தானே எழுதி வைத்துக்கொண்டு ஒரு காசு பொய் சொல்லியிருக்கிறது. வாங்குவதற்கு முன் அதைப் படிக்கத் தவறியது நான்தான்.

இந்த நூல் சோதனைக்கும் எல்லை உண்டு. காசு சிறியதானால் தராசின் பிழை பெரிதாகிவிடும். தங்க சவரன் 7.99 கிராம், 22 காரட். தண்ணீரில் அது காட்டும் எண் 0.45 அளவில்தான் இருக்கும். நூறில் ஒரு கிராம் வரை பார்க்கும் தராசு 0.44 என்று காட்டினால் அடர்த்தி 18.2, 0.46 என்றால் 17.4. இரண்டுக்கும் நடுவில் உண்மை எங்கேயோ இருக்கிறது. பித்தளையை இது பிடிக்கும், காரட்டைக் கணக்கிட இது போதாது. காசில் ஒட்டிய ஒரு சிறு காற்றுக்குமிழ்கூடக் கணக்கைக் கலைத்துவிடும்.

எடையைப் பற்றி இன்னொன்று. தேய்ந்த காசு சற்று எடை குறைவாக இருப்பது இயற்கை. நன்றாகத் தேய்ந்த காசு புதுக்காசின் எடையை அப்படியே காட்டினால், அதிலும் கூடக் காட்டினால், அதுதான் கவலைக்குரியது. தேய்ந்த காசிலிருந்து அச்சு எடுத்து, வில்லையை மட்டும் முழு எடையில் வெட்டிய கை அங்கே தெரிகிறது.

காந்தத்தில் ஒட்டும் வெள்ளிக்காசு வெள்ளி அல்ல. ஒட்டாத எல்லாமும் வெள்ளி என்று ஆகிவிடாது; பித்தளையும் ஈயமும் ஒட்டாது. தட்டி ஓசை கேட்பது காதுக்கு இனிமை, ஆனால் உள்ளே விரிசல் கண்ட அசல் காசும் மொட்டையாகத்தான் ஒலிக்கும்.

உலோகச் சோதனை எல்லாவற்றிலும் தேறிய போலிக்கு வரலாறே இருக்கிறது. 1950 வாக்கில் இத்தாலியின் மிலான் நகரில் சவரன்களை முழு எடையில் முழுத் தங்கத்திலேயே அடித்தார்கள். அதனால் என்ன லாபம் என்றால், சவரனாக இருந்தால் அதே அளவு தங்கக் கட்டியைவிடக் கூடுதலாக விலைபோனது; அந்த வித்தியாசம்தான் லாபம். பிரிட்டன் 1957இல் மறுபடி சவரன் அடிக்கத் தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம். அந்தக் காசுகளை எந்த உரைகல்லும் பிடிக்காது. எழுத்தின் வடிவம், சவரனின் பூப்பக்கத்தில் நிற்கும் குதிரையின் கால், விளிம்பு வரி இவைதான் பிடிக்கும். அதாவது, மறுபடியும் பிறப்பு.

காசின் தோலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். மண்ணில் கிடந்த செம்பு முதலில் செங்கருப்பாகவும் பிறகு பச்சையாகவும் படிப்படியாகப் பாசி பிடிக்கும். உண்மையான பச்சை உலோகத்திலிருந்தே வளர்ந்தது. கடினமாக இருக்கும், மரக்குச்சியால் சுரண்டினால் வராது, எழுத்தின் மேல் மெல்லியதாகவும் பள்ளத்தில் கனத்தும் நிற்கும். பூசிய பச்சை எங்கும் ஒரே கனம், ஒரே நிறம். அசிட்டோன் தொட்ட பஞ்சு அதைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிடும். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்வது மூன்றாவது ரகம். அது போலிக்கு அடையாளமல்ல, நோய். குளோரைடு உள்ளே இருந்துகொண்டு காசைத் தின்கிறது, ஈரம் படாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும். மிகப் பழைய வெள்ளி வேறு வகையில் கிழடு தட்டும்: உள்ளே படிகமாகி நொறுங்கும் தன்மை வந்துவிடும், உடைந்த இடத்தில் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல மினுங்கும். இந்த நொறுங்கலைப் பொய்யாகச் செய்வது மிகக் கடினம். தோல்தான் பாதிச் சாட்சி என்பதால், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குபவர்கள் சாட்சியைக் கொல்கிறார்கள். புளியும் பற்பொடியும் பட்ட காசுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

முழுப் போலியைவிட நுட்பமானது, அசல் காசில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுவது. அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையின் குறி போட்ட 1914ஆம் ஆண்டு லிங்கன் சென்ட் அரியது. 1944இன் சென்ட் மலிந்து கிடக்கிறது. முதல் 4இன் கையைச் சுரண்டி 1 ஆக்கினால் வேலை முடிந்தது. உலோகம் சரி, எடை சரி, அடித்த விதமும் சரி, ஏனென்றால் அது அரசாங்கம் அடித்த காசுதான். இரண்டு இடத்தில் மாட்டும். 4 நின்ற இடம் அகலம் என்பதால் 9க்கும் புதிய 1க்கும் நடுவில் இடைவெளி கூடுதலாகத் தெரியும். அடுத்தது, வடிவமைத்த பிரென்னரின் பெயர் முதலெழுத்துகள் லிங்கனின் தோளில் வந்தது 1918இல்தான். 1914 என்று சொல்லும் காசின் தோளில் அந்த மூன்று எழுத்து இருந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது. சுரண்டியவருக்கு வரலாறு தெரியவில்லை, அவ்வளவே. லென்ஸைவிடப் பட்டியல் படிப்பு முந்திக்கொள்ளும் இடம் இது.

வரலாறு நன்றாகத் தெரிந்த போலிக்காரர்களும் உண்டு. ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) முந்நூறுக்கும் மேற்பட்ட அச்சுகளைத் தன் கையாலேயே செதுக்கியவர். கிரேக்க, ரோமக் காசுகளின் கலையை உள்ளே வாங்கிக்கொண்டவர். மலிவான பழங்காசு அசல்களையே வில்லையாக வைத்து அவற்றின் மேல் அடித்ததும் உண்டு. உலோகம் எங்கே பொய் சொல்லும்? புதுக்காசின் மினுமினுப்பைப் போக்க, இரும்புத்தூள் போட்ட பெட்டியில் காசுகளை வைத்து, அதைத் தன் குதிரை வண்டியின் அடியில் பொருத்தி ஊர் சுற்றினார். கற்கள் பதித்த பாதையின் குலுக்கல் இரண்டாயிரம் வருடத்துத் தேய்மானத்தைச் சில மைலில் செய்து கொடுத்தது. பெரிய மனிதர்களின் தொகுப்புகளுக்குள் அவை மரியாதையோடு போய்ச் சேர்ந்தன. 1988 வாக்கில் கருங்கடல் கரையின் அப்பலோனியா, மெசெம்பிரியா நகரங்களுடைய சின்னஞ்சிறு வெள்ளிக்காசுகள் குவியலாகச் சந்தைக்கு வந்தபோது நிபுணர்களே இரண்டு கட்சியானார்கள். போலி என்ற முடிவே கடைசியில் நின்றது. ஆயுள் முழுதும் காசு பார்த்தவர்கள் மாறுபட்டுப் பேசிய இடத்தில், ஒரு படத்தைப் பார்த்து உடனே தீர்ப்புச் சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இயந்திரங்களிடமும் அளவோடுதான் நம்பிக்கை. எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி காசைக் கெடுக்காமல் உலோகக் கலவையைச் சொல்லும், ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டுமே. கனமாக முலாம் பூசியிருந்தால் முலாமைத்தான் பாராட்டும். 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு வந்த என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் காசைச் சோதித்துத் தரம் எழுதிப் பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துத் தருகின்றன. இப்போது பேழையையே போலி செய்கிறார்கள். பேழை எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்கே இருக்கும் படத்தோடு கையில் இருக்கும் காசின் கீறல்களைப் பொருத்திப் பார்க்காதவரை அது வெறும் பிளாஸ்டிக்.

கைமாறிய வரலாறு இதையெல்லாம்விட மேலானது. நூறு வருடத்துக்கு முந்தைய ஏல அட்டவணையில் அந்தக் காசின் படம், அதே விளிம்பு வெடிப்போடு இருந்தால், அதற்குப் பிறகு பிறந்த போலிக்காரர்கள் எல்லோரும் ஒரேயடியாக வழக்கிலிருந்து விலகுகிறார்கள். பெக்கர் மட்டும் விலகுவதில்லை. அவருடைய கைவேலை அந்த அட்டவணைகளுக்குள்ளும் இருக்கக்கூடும்.

அவருக்கும் முந்தியவர் இத்தாலியின் பதுவா நகரத்து ஜியோவானி தா கவினோ (1500–1570). ரோமப் பேரரசர்களின் பெரிய வெண்கலக் காசுகளைப் போலவே அச்சு செதுக்கி அடித்தார். ஏமாற்றுவதற்கா, பழமையின் மேல் இருந்த காதலாலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வில்லை அளவுக்கு மீறி வட்டம், எழுத்துகள் அளவுக்கு மீறி அழகு; அவைதான் அவரைக் காட்டிக்கொடுத்தன. அவர் அச்சுகள் பல பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 'பதுவாக் காசு' என்ற பெயரில் அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று ஏராளம். அதனால் அவற்றுக்கும் வார்ப்பு நகல்கள் உண்டு. கவினோவே அடித்த போலி வேண்டுமென்று கேட்டு வாங்குபவரும் லென்ஸை எடுத்துக்கொண்டு, மோவாய்க்குக் கீழே இடுக்கில் மூலை கூராக இருக்கிறதா, உருண்டிருக்கிறதா, விளிம்பில் ராவிய தடம் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்.